கரையில் வெந்த கலச்சோறு

அலை ஓயாத நெடுங்கரைக்கு உரியவரும், மழையைத் தம் குடிகளின் முதல் உறவாகக் கொண்டாடுபவரும், கானலங்கோட்டு நாட்டின் நாற்பத்திரண்டு துறைகளுக்கும் காவலாய் நிற்பவருமான கோப்பெருவேள் நெடுந்திரையர் வாய்மொழிந்தருள, அவருடைய ஓலைநாயகம் ஆந்தை நக்கன் எழுத்தாணி பிடித்து எழுதிய ஓலை. கழிமுகப் பட்டினத்தின் காவலரும், ஏனாதி மோதிரம் அணிந்தவரும், மூன்று தலைமுறையாய் அத்துறையின் திறவுகோலை இடுப்பில் செருகிய குடியில் வந்தவருமான ஏனாதி அரங்க வேண்மான் காண்க. நீர் நலம், உம் மனையோர் நலம், உம் மடைப்பள்ளியும் நலம் என்றே கேள்வி.

துறைப்பட்டினங்களுக்கு ஓலை போகும்போது, உமது கரையிலிருந்து போன கலமெல்லாம் கரை சேர்க என்று முதலில் ஒரு வரி வாழ்த்துவது இவ்வரசவையின் வழக்கம். இவ்வோலையின் தலைப்பில் அந்த வரிக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. எழுதுகிறவன் மறந்துபோய் விட்டதன்று. விடச் சொன்னவர் அரசர்.

உமது ஓலை சென்ற திங்கட்கிழமை அவையில் படிக்கப்பட்டது. அரசுக்குரிய புதுச் சிறுகலம் ஒன்றைத் கலங்களின் தீக்காப்பை ஆயும் தீயாய்வாளன் கொற்றன் அழிசி பட்டப்பகலில் கொளுத்திவிட்டான் என்றும், அக்கலம் நாற்பது முழ நீளமுள்ள முற்றிய தேக்கு என்றும், கொளுத்திய அவனுடைய வலக்கையை மணிக்கட்டோடு களைந்து பட்டினத்து வாயிலில் தொங்கவிட ஆணை வேண்டும் என்றும் நீர் எழுதியிருந்தீர். தேக்கு எந்த மலையில் வெட்டப்பட்டது, எத்தனை எருது இழுத்துவந்தது என்பதெல்லாம் அவ்வோலையில் விரிவாக இருந்தது. நான்கு திங்களுக்கு முன் உமது துறையிலிருந்து போன நீலப்புறா என்னும் சிறுகலத்தில் கருகிச் செத்த பதினொருவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. படித்து முடித்ததும் அரசர் ஓலையைத் தொட்ட கையைக் கழுவ நீர் கேட்டார். எழுதுகிறவனும் கழுவிக்கொண்டான்.

நீர் செய்தவை உமக்குத் தெரியும். அழிசி செய்தவற்றில் பாதி உமக்குத் தெரியாது. அதை அறிந்த பிறகு ஆணையைக் கேட்பதே முறை என்பதால், அவன் கதை இங்கே முதலிலிருந்து சொல்லப்படுகிறது.

கொற்றன் அழிசி இருபத்திரண்டு ஆண்டு சிறுகலங்களில் சோறு ஆக்கியவன். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அவன் தோலில் சுடுபடாத இடம் உள்ளங்கையளவு கூட இல்லை. முந்தைய தீயாய்வாளர் முதுமையால் விலகியபோது, ஏடு படித்தவர் பலர் அப்பதவிக்கு வரிசையில் நின்றிருக்க, தீயோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவன் இவன்தான் என்று சொல்லி அரசர் அழிசியைத் தேர்ந்தார். முத்திரை சுடும் சூட்டுக்கோலைக் கையில் வாங்கிய அன்று அவன் அதை இரவல் வாங்கிய பொருளைப் போலப் பிடித்திருந்தான் என்பது எழுதுகிறவன் கண்ணால் கண்டது.

கலச்சோற்று விதி எதற்காக ஏற்பட்டது என்பதை நீர் மறந்துவிட்டதாகத் தெரிவதால் அதையும் எழுதவேண்டியிருக்கிறது. அரசரின் பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில் வகுக்கப்பட்ட விதி அது. குங்கிலியமும் புன்னை எண்ணெயும் பூசி முடித்த சிறுகலம் நீரில் இறங்குமுன், அதன் உள்ளறையில் உள்ள அடுப்பிலேயே தீ மூட்டி, பெருவாயிலை மூடிவிட்டு, ஒரு பானைச் சோறு பொங்கவேண்டும். சோறு வேகும்வரை தீயாய்வாளன் உள்ளே உட்கார்ந்திருந்து, வெந்ததும் பானையைக் கையில் ஏந்தியபடி இரண்டாம் வாயில் வழியாக மேல்தளத்துக்கு ஏறி, அங்கே அமர்ந்து அச்சோற்றை உண்ணவேண்டும். அதன் பிறகே அடிமரத்தில் சங்கு முத்திரை சுடப்படும். அடுப்பின் கீழ் மணல் உண்டா, சுவரில் களிமண் உண்டா, மூச்சுவிடக் காற்று உண்டா, தப்பி ஏற வழி உண்டா என்று நான்கு வினாக்களை நான்கு அதிகாரிகள் கேட்டுத் திரியாமல், ஒரு பானைச் சோறே கேட்டு முடித்துவிடும். இவ்வளவு எளிய விதியைக் கெடுக்கவும் உமது பட்டினத்துக்கு வழி தெரிந்திருக்கிறது.

உம் பாட்டனார் காலத்தில் சோறு மேல்தளத்திலிருந்து மணலுக்கு இறங்கியது, வெயிலுக்காகப் பந்தல் வந்தது. உம் தந்தையார் காலத்தில் புகைநாற்றம் அடிக்கிறது என்று கரையிலேயே அடுப்பு மூட்டினார்கள். உமது காலத்தில் அதற்கென்று ஒரு மடைப்பள்ளியே எழும்பி, நெய்யும் வறுத்த வஞ்சிரமும் பாயசமும் வெற்றிலைத் தட்டும் சேர்ந்துகொண்டன. கலத்து அடுப்பில் ஒரு பொறியும் விழுவதில்லை. தீயாய்வாளர் உண்டு, ஏப்பம் விட்டு, கைகழுவி, முத்திரை சுட்டுவிட்டுப் பல்லக்கு ஏறுகிறார். இதற்கும் கலச்சோறு என்றே பெயர் சொல்லிப் பந்தலில் முரசு அடிக்கிறீர்கள்.

அழிசியின் முதல் முத்திரை நீலப்புறாவுக்கு. அன்று உமது பந்தலில் அவனுக்கு நடுவிலை போட்டீர்கள். வாழ்நாளெல்லாம் பிறர்க்குப் பரிமாறியவனுக்கு அன்றுதான் பிறர் பரிமாறினர். இருபது அதிகாரிகள் அவன் முதல் கவளத்துக்குக் காத்திருந்தனர். கவளம் நாவில் பட்டதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கலத்து அடுப்பில் பொங்கிய சோறு அடியில் காந்தும், மேலே சற்று அரிசியாய் நிற்கும், மரத்தொட்டித் தண்ணீரின் வாடையும் குங்கிலியத்தின் வாடையும் அதில் ஏறியிருக்கும். இலையில் இருந்ததோ பருக்கை பருக்கையாய் மலர்ந்த சோறு. இருபத்திரண்டு ஆண்டு சோறாக்கியவனிடம் கரைச்சோற்றைக் காட்டிக் கலச்சோறு என்று சொல்லுமளவுக்கு உமது பட்டினம் துணிந்திருந்தது; ஏனென்றால் அதுவரை வந்தவர் எவரும் அடுப்படி கண்டவர் அல்லர்.

அழிசி வாய் திறக்கவில்லை. இதை மறைக்க அரசர் விரும்பவில்லை, அவனும் மறைக்கவில்லை. பந்தலும் முரசும் நடுவிலையும் அவன் நாவைக் கட்டின. உண்டான்; இன்னும் கொஞ்சம் நெய் கேட்டான்; எழுந்துபோய் முத்திரை சுட்டான். அவையில் நின்று அவன் சொன்னதை அலங்காரம் செய்யாமல் அப்படியே பொறிக்கவேண்டும் என்பது ஆணையாதலால், அது இது: "கரைச்சோறுன்னு நாக்குக்குத் தெரிஞ்சுபோச்சு, சாமி. மரியாதையா உக்காரவச்சுட்டாங்களேன்னு வாய மூடிக்கிட்டேன். நெய் கூடக் கேட்டு வாங்குனேன்."

நீலப்புறா மிளகு ஏற்றிப் போன ஐந்தாம் நாள் நண்பகல், காற்றற்ற கடலில், சமையற்காரன் கருவாடு வறுத்துக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. மிளகுக்கு இடம் கூட்டுவதற்காக உமது பெருந்தச்சர் விண்ணன் பூதன் அடுப்பை உள்ளறையின் நடுவிலிருந்து நகர்த்திப் பெருவாயிலின் ஏணிக்காலடியில் வைத்திருந்தார். எனவே தீயும் வாயிலும் ஒரே இடத்தில் இருந்தன. உள்ளே இருந்த பதினொருவரும் கலத்தின் முன்புறத்துக்கு ஓடினர், அங்கே இரண்டாம் வாயில் இருக்கிறது என்று நம்பி. மேல்தளத்தில் இருந்து கடலில் குதித்துப் பிழைத்த நால்வரில் ஒருவனான மீகாமன் திமிலன் சொன்னதும் அப்படியே பொறிக்கப்படுகிறது: "வளையத்தப் புடிச்சு இழுக்குற சத்தம் கேட்டுச்சு. நாங்க மேலேருந்து கோடாலியால போட்டோம். அது வாசலே இல்ல, பலக. கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுபோச்சு."

எரியாமல் மிதந்து கரை ஒதுங்கிய சில துண்டுகளில் அந்தப் பலகையும் ஒன்று. செய்தி கேட்டுக் கரைக்கு ஓடிய அழிசிதான் அதைத் தூக்கித் திருப்பினான். மேற்புறத்தில் வாயில் போலச் சட்டம் செதுக்கி, இரும்பு வளையம் பதித்து, வெகு அழகாய் வேலை செய்திருந்தது. உட்புறத்திலும் அதே போல் ஒரு வளையம். அதைச் சுற்றிலும் நகக்கீறல். அழிசி அதைத் தலையில் சுமந்துகொண்டு ஆறு நாள் நடந்து தலைநகர் வந்து, அவை நடுவில் இறக்கிவைத்துவிட்டு, தன் முத்திரைக்குத் தண்டனை கேட்டான்.

அரசர் தண்டனை தரவில்லை. உப்பளத் தீவுக் குடிகளை மழைக்கு முன் கரைக்கு ஏற்றிவரவென்று உமது துறையில் ஒன்பது புதுக் கலங்கள் ஆயத்தமாய் நிற்கின்றன, கலத்துக்கு முப்பது பேர் ஏறப்போகிறார்கள், பெண்களும் கைக்குழந்தைகளும் உள்ளறையில்தான் இருப்பார்கள், நீ போய் அவற்றைப் பார் என்றார். பந்தல் நாளுக்கு எட்டு நாள் முன்னதாகவே, முரசும் பல்லக்கும் இன்றி, பழைய அழுக்கு வேட்டியோடு போகச் சொன்னார். அவனும் சமையல் வேலை தேடி வந்தவனைப் போலவே உமது துறையில் நுழைந்தான்.

அவன் அங்கே கண்டவற்றை எழுதும்போது எழுத்தாணி கூசுகிறது. முதல் கலத்தின் அடுப்பில் கோழி ஒன்று ஏழு முட்டையோடு அடைகிடந்தது. அது அங்கே பல நாளாய்க் குடியிருப்பதற்குச் சாட்சியாய் எச்சமும் இறகும் கிடந்தன. அவ்வளவு காலம் எவரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை என்பதே உமது ஆய்வின் இலக்கணம். அடுத்த கலத்தில் அடுப்பின் கீழ்ப் பெட்டியில் ஒரு சாண் மணல் இருக்கவேண்டும். அழிசி கையை விட்டான். மேலே ஒரு விரற்கடை மணல், அதன் கீழே முழுதும் வைக்கோல், இடையிடையே தச்சர்கள் துப்பிய வெற்றிலைச் சக்கை. தீயை அணைக்கவென்று விதித்த பெட்டியில் தீக்கு விருந்து வைத்திருந்தார்கள். கையை எடுத்து மூன்று முறை கடலில் கழுவியும் அந்த நாற்றம் போகவில்லை என்று அவன் சொன்னான்.

அடுப்பைச் சுற்றிய சுவர் செம்மண் நிறத்தில் இருந்தது. களிமண் பூச்சு என்று எண்ணித் தட்டினான், மரம் ஒலித்தது. நகத்தால் சுரண்டினான், காவிச் சாயம் உரிந்து கீழே குங்கிலியம் மின்னியது. களிமண் எடை கூட்டும், சாயம் கூட்டாது என்பது பெருந்தச்சரின் கணக்கு. தண்ணீர்த் தொட்டியில் தேங்காய் நார்க் கயிறு சுருட்டி வைத்திருந்தார்கள். இரண்டாம் வாயில் ஒன்பது கலத்திலும் நீலப்புறாவில் இருந்த அதே சட்டம், அதே வளையம், அதே முழுப்பலகை. பதினொருவர் செத்த செய்தி துறைக்கு வந்து இரண்டு திங்களுக்குப் பிறகு பதித்த வளையங்கள் அவற்றில் மூன்று. இரும்பு புதிதாய் மின்னியது.

அழிசி தான் யார் என்பதை வெளிப்படுத்திப் பெருந்தச்சரை வினவியபோது, இரண்டாம் வாயிலும் அதற்கு வளையமும் வேண்டும் என்றே விதி சொல்கிறது, அது திறக்கவேண்டும் என்று விதியில் எங்கும் எழுதப்படவில்லை, திறந்தால் மழைநீர் இறங்கி மிளகு பூஞ்சை பிடிக்கும் என்று விண்ணன் பூதன் மறுமொழி கூறினார். உம்மை வந்து வினவியபோது, கலத்துப் புகையில் வெந்த சோறு உயர்ந்தோர் நாவுக்கு ஏற்றதன்று, கரை அடுப்பு எம் தந்தையார் ஏற்படுத்தியது, சமையற்காரனுக்கு இவ்வளவு வாய் எதற்கு என்று நீர் அருளினீர். அதோடு, அவன் பசியால் சினந்திருக்கக்கூடும் என்று கருதி ஒரு தலைவாழை இலையில் சோறும் அனுப்பினீர். நெய் வாடை மூக்கில் ஏறியதும் அழிசி இலையைத் தொடாமல் எழுந்துபோய் மணலில் குனிந்து வாந்தி எடுத்தான். உமது ஏவலர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதும் இங்கே தெரியும்.

மறுநாள் காலை, கொளுத்தினான் என்று நீர் எழுதிய செயலை அவன் செய்தான். அது கொளுத்தியது அன்று. விதியில் உள்ளபடியே ஒரு கலத்தைத் தனியே மணல்திட்டுக்கு இழுத்துவரச் செய்து, முழுப்பலகையைக் கோடரியால் பிளந்து, விதி தரவேண்டிய இரண்டாம் வாயிலைத் தானே உண்டாக்கிக்கொண்டு, பெருவாயிலை மூடி, உள்ளே இறங்கி, ஒரு பானையில் உலை வைத்து அடுப்பு மூட்டி உட்கார்ந்தான். உலை கொதிக்கவில்லை. அதற்குள் சாயச் சுவர் பற்றியது, மேலே பூசிய குங்கிலியம் சொட்டுச் சொட்டாய் அவன் தோளில் விழுந்தது, மணல் என்று வைத்த பெட்டியைக் கொட்டியதும் வைக்கோல் குபீரென்று எழுந்தது. பிளந்த வழியாக அவன் ஏறி விழுந்தபோது புருவமும் தலைமயிரும் இல்லை. பானையை மட்டும் விடாமல் பிடித்திருந்தான். சோறு வேகுமுன் கலம் வெந்து முடிந்தது.

கரையில் நின்ற தச்சர்களில் பலர் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டனர் என்றும், அவர்களில் இருவர் தம் தம்பிமார் நீலப்புறாவில் போனவர்கள் என்றும் தலைநகர் திரும்பிய அழிசி கூறினான். பெருந்தச்சர் தேக்கு, தேக்கு என்று கூவினார். நீர் பல்லக்கிலிருந்து இறங்காமலே ஓலை எழுதுவித்தீர். இப்போது அதற்கு மறுமொழி கேளும்.

அரசர் முப்பது ஆண்டு ஆட்சியில் போர்க்களம் கண்டவர், கொள்ளைநோய் கண்டவர். அக்காலத்தில் வராத அருவருப்பு இந்த வளையங்களைக் கேட்டபோது வந்தது என்று அவையில் சொன்னார். சோம்பலால் வாயில் வைக்க மறந்தவனை மன்னிக்கலாம். உட்கார்ந்து உளிபிடித்து, சட்டம் செதுக்கி, வளையம் பதித்து, வாயில் இல்லாத இடத்தில் வாயிலைச் செய்தவனை என்ன செய்வது என்று கேட்டார்.

ஆகவே ஆணை இதுவாகும். எஞ்சிய எட்டுக் கலமும் நீரில் இறங்கக்கூடாது. உப்பளக் குடிகளைப் பரதவரின் திறந்த தோணிகளில், காற்றுப் பார்த்து, எத்தனை நடை ஆனாலும் ஏற்றிவருவீராக. முதல் தோணியில் நீரே போய் முதல் குடும்பத்தை ஏற்றிக்கொள்வீராக. எட்டுக் கலத்தின் அடுப்பும் ஏணிக்காலடியை விட்டு உள்ளறையின் நடுவுக்குத் திரும்பவேண்டும், அதன் கீழே கை முழுகும் அளவு மணலும் சுற்றிலும் நகம் ஏறாத களிமண்ணும் வேண்டும், தொட்டியில் தண்ணீர் வேண்டும், முன்புறத்து வாயில் ஒரு குழந்தை உள்ளிருந்து தள்ளினாலும் திறக்கவேண்டும். விதியில் எழுதவில்லை என்று இனி எவரும் சொல்லாதபடி, திறக்கவேண்டும் என்பது இங்கே எழுதப்படுகிறது. விண்ணன் பூதன் பெருந்தச்சுப் பட்டத்தை இழந்தார். தாம் பதித்த வளையங்களை அவரே தம் கையால் பிடுங்கவேண்டும்.

கரை மடைப்பள்ளி இடிக்கப்படும். ஒவ்வொரு கலத்திலும் சோறு பொங்கும்போது தீயாய்வாளனோடு கலம் செய்த தச்சனும் பட்டினக் காவலராகிய நீரும் உள்ளறையில் உட்கார்ந்து, பெருவாயில் மூடியிருக்க, வெந்ததும் ஒருவர்பின் ஒருவராய் முன்புறத்து வாயிலால் ஏறி, அப்பானைச் சோற்றையே உண்பீராக. நெய் கூடாது. எட்டுப் பானையின் அடியிலும் பிடித்த காந்தலைச் சுரண்டி இலையில் மடித்து இங்கே அனுப்புவீராக. அரசர் அதைத் தம் வாயில் இட்டுப் பார்த்த பிறகே, இவ்வோலையின் தலைப்பில் விட்ட இடத்தில் உமது கரைக்குரிய வாழ்த்து எழுதப்படும். அதுவரை உமது பட்டினத்துக்கு வாழ்த்து இல்லை.

இவ்வோலையோடு நகக்கீறல் உள்ள பலகையும் வருகிறது. நீர் உண்ணும் கூடத்தில், உமது இலைக்கு நேர் எதிரே, உட்புறம் தெரியும்படி அதை மாட்டுவீராக. விருந்தினர் வந்தாலும் திரையிடக் கூடாது.

அழிசியைப் பற்றியது கடைசி. முதல் முத்திரை அவன் குற்றம். அதை அரசர் துடைக்கவில்லை, துடைக்கவும் முடியாது. நீர் கேட்ட கை களையப்படாது. அந்தக் கை பானையை விடாமல் பிடித்துக்கொண்டு வெளியே வந்த கை. இந்நாட்டில் சூட்டுக்கோல் பிடிக்க அதைவிடத் தகுந்த கை இப்போது இல்லை. அவன் பதவியில் நீடிப்பான். நீலப்புறாவில் இறந்த பதினொருவர் மனைகளுக்கும் அவனே நேரில் போய், தன் நாவுக்குத் தெரிந்ததையும் தன் வாய் சொல்லாததையும் சொல்லவேண்டும் என்பது அவனுக்கான தண்டனை.

இவ்வோலையையும் பலகையையும் சுமந்துவருபவன் அழிசியேதான். முத்திரையிட்ட ஓலை அவன் கையில் கொடுக்கப்பட்டது. உள்ளே இருப்பது அவனுக்குச் சொல்லப்படவில்லை. நீர் அவன் கையைக் கேட்டது மட்டும் அவனுக்குத் தெரியும். தன் கையைக் களையும் ஆணையைத் தானே சுமந்துபோவதாக எண்ணிக்கொண்டு, ஒரு வினாவும் கேட்காமல் வணங்கி வாங்கிக்கொண்டு புறப்பட்டான். ஆதலால் நீர் இதைத் தனியே படித்து மடித்து வைக்காமல், தச்சரும் பரதவரும் கூடிய துறைமணலில், அவனை முன்னே இருத்தி, உரக்கப் படிப்பீராக. அவனை நிற்கவைக்காமல் விரைந்து படிப்பீராக.

சங்கு முத்திரை நீலப்புறாவின் கரிந்த மரத்துக் குங்கிலியத்தை உருக்கி இடப்பட்டது. அறிக, அஞ்சுக, செய்க. கோப்பெருவேள் ஆணைப்படி ஓலைநாயகம் ஆந்தை நக்கன் எழுத்து.